இடது கை கேட்கிறதா? பழைய ராக் அண்ட் ரோல் பியானோ ரெக்கார்டுகள் குறித்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஒரே பாடகர், ஒரே பாட்டு. ஒரு தட்டு ஒரு விலை, இன்னொன்று அதைப்போல் மூன்று மடங்கு. ஏன்? அட்டையில் ‘ஸ்டீரியோ’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை ஏன் ஓரமாக எடுத்து வைக்கிறீர்கள்? வீட்டில் போட்டுப் பார்த்தால் பியானோ தகரத்தைத் தட்டுவது போல் இருக்கிறதே? ஜெர்ரி லீ லூயிஸ், ஃபேட்ஸ் டோமினோ, லிட்டில் ரிச்சர்ட், மூன் முல்லிகன் ரெக்கார்டுகளை எடுப்பவர்கள் எங்களிடம் கேட்பவை பெரும்பாலும் இவைதான். மூன்று கேள்விக்கும் விடை பியானோக்காரரின் இடது கையில் இருக்கிறது. இந்த இசையில் பாட்டைத் தூக்கிச் செல்வது அந்தக் கை. அது கேட்கிறதா என்று பார்த்துத்தான் நாங்கள் தட்டுக்கு விலை வைக்கிறோம்.

அந்த இடது கை வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறோம். 1928 டிசம்பர் 29 அன்று சிகாகோவில் பியானோக்காரர் பைன்டாப் ஸ்மித் பதிவு செய்த பூகி-வூகி தட்டில், ஒரு பாருக்கு (நான்கு எண்ணும் தாள அளவுக்கு) எட்டு அடி என்று இடது கை ஓயாமல் உருள்கிறது. அதன்மேல் 12 பார் ப்ளூஸ் சுழற்சி. ப்ளூஸ் பியானோவின் இந்த உருட்டலை டெக்சாஸ் பக்கத்து வெள்ளைக்கார நாட்டுப்புற இசைக்குழுக்கள் 1930களிலேயே எடுத்துக்கொண்டன. அந்தக் குழுக்களில் வளர்ந்தவர் மூன் முல்லிகன். 1909இல் டெக்சாஸில் பிறந்தவர். வலது கையில் இரண்டே விரலால் மெட்டைக் குத்தி எடுப்பதும், இடது கையில் ப்ளூஸ் உருட்டலும் அவருடைய பாணி. சின்சினாட்டியின் கிங் கம்பெனிக்காக அவர் பாடிய ‘ஐ’ல் செயில் மை ஷிப் அலோன்’ 1950இல் கன்ட்ரி (அந்த வெள்ளைக்கார நாட்டுப்புற இசை) பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதே கம்பெனியில்தான் கறுப்பினக் கலைஞர்களின் ரிதம் அண்ட் ப்ளூசும் பதிவானது. ஹாங்க் பென்னி என்ற கன்ட்ரி பாடகரின் ‘பிளட்ஷாட் ஐஸ்’ பாட்டை அடுத்த ஆண்டே ப்ளூஸ் பாடகர் வைனோனி ஹாரிஸ் அங்கே பாடினார். கன்ட்ரியையும் ப்ளூசையும் வேறு வேறு அலமாரியில் வைத்துப் பழகியவர்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும்.

லூயிசிடம் வந்தால் கதை இன்னும் தெளிவாகிறது. லூயிசியானாவின் ஃபெரிடே ஊர்க்காரர், 1935இல் பிறந்தவர். மெம்ஃபிசில் யூனியன் அவென்யூ 706ஆம் எண் கட்டடத்தில் சாம் ஃபிலிப்ஸ் நடத்திய சன் ஸ்டுடியோவுக்கு 1956 கடைசியில் வந்து சேர்ந்தார். முதல் தட்டு சன் 259 (கம்பெனி தட்டுக்குத் தரும் எண்), ‘கிரேஸி ஆர்ம்ஸ்’. அந்த ஆண்டு ரே பிரைஸ் கன்ட்ரி பட்டியலின் உச்சியில் வைத்திருந்த பாட்டு அது. லூயிஸ் தட்டில் காதுக்கு எட்டுவது பியானோவும் டிரம்சும் மட்டுமே, முடிவில் ஒரே ஒரு கிட்டார் கார்டு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது). பாஸ் இல்லாத குறையே தெரியாது, அந்த வேலையை இடது கை பார்த்துக்கொள்கிறது. அடுத்தது சன் 267, ‘ஹோல் லாட் ஆஃப் ஷேக்கின்’ கோயிங் ஆன்’. 1955இல் ப்ளூஸ் பாடகி பிக் மேபெல் பாடி, அதே ஆண்டு ராய் ஹால் என்ற கன்ட்ரி பியானோக்காரர் பாடி, 1957இல் லூயிஸ் கைக்கு வந்த பாட்டு. கன்ட்ரி பட்டியல், ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியல் இரண்டிலும் முதலிடம் பெற்றது.

சன் தட்டு வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புகழ்பெற்ற பக்கத்தோடு நிறுத்தாமல் தட்டைத் திருப்பிப் போடுங்கள். சன் 281இல் ஒரு பக்கம் ‘கிரேட் பால்ஸ் ஆஃப் ஃபயர்’, மறுபக்கம் கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்சின் ‘யூ வின் அகெய்ன்’. முதல் பக்கத்தில் சுத்தியலாக இறங்குகிற அதே இரண்டு கைகள் மறுபக்கத்தில் நிதானமாக நடக்கின்றன. எங்கள் மதிப்பில் அந்த மெதுவான பக்கம் எந்த வகையிலும் குறைந்ததல்ல.

நியூ ஆர்லியன்ஸ் பாணி வேறு. டோமினோவின் ‘தி ஃபேட் மேன்’ 1949 டிசம்பர் 10 அன்று கொசிமோ மட்டாசாவின் ஸ்டுடியோவில் பதிவானது. பிற்கால டோமினோ தட்டுகளில் வலது கை மும்மூன்றாகத் தட்டும். இடது கையின் பாஸ் வரியையே பாஸ், கிட்டார், சாக்சஃபோன் எல்லாம் சேர்ந்து வாசிப்பதால் பியானோவை மட்டும் தனியே பிரித்துக் கேட்பது கடினம். தட்டில் குறை என்று நினைக்காதீர்கள், தயாரிப்பாளர் டேவ் பார்த்தலோமியூவின் இசையமைப்பே அப்படி. ‘எய்ன்ட் தட் எ ஷேம்’ வெளியானபோது நாடாவைச் சற்று வேகப்படுத்தியே வெளியிட்டார்கள். கூடவே வாசித்துப் பழகுபவர்களுக்குச் சுருதி ஒத்துவராவிட்டால் டர்ன்டேபிளைக் குறை சொல்ல வேண்டாம். லிட்டில் ரிச்சர்டின் தட்டுகளில் வலது கை சமமான எட்டு அடிகளைத் தட்ட, அதற்கு ஈடுகொடுக்கத்தான் டிரம்மர் ஏர்ல் பாமர் பழைய ஷஃபிள் என்ற துள்ளல் நடையை விட்டார்.

இனி ‘ஸ்டீரியோ’ விஷயம். இதில்தான் அதிகப் பணம் வீணாகிறது.

1956 முதல் 1958 வரை சன் ஸ்டுடியோவில் லூயிஸ் பதிவு செய்தவை ஒற்றைத் தட மோனோ. எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிக்க, மைக்குகளின் ஒலி கலந்து நேராக நாடாவில் ஏறியது. சன்னின் அடையாளமான ‘ஸ்லாப்பேக்’ எதிரொலிக்கு (ஒலித்ததும் உடனே ஒருமுறை திரும்பி வருவது) இரண்டாவது ஆம்பெக்ஸ் நாடா இயந்திரம் இருந்தது. நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது. பதியும் தலைக்கும் ஒலிக்கும் தலைக்கும் நடுவே ஏறக்குறைய 2 அங்குலம். அந்தத் தூரத்தைக் கடக்க ஆகும் நேரம், நொடியில் கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு, எதிரொலியின் இடைவெளி. பாட்டின் வேகத்தோடு இழைகிற அந்த இடைவெளிதான் சிறிய பியானோவைப் பெரிதாகக் காட்டுகிறது.

1960களிலும் 70களிலும் மோனோ நாடாக்களை ‘ஸ்டீரியோ’வாக மாற்றி விற்கும் வழக்கம் பரவியது. செய்முறை எளிது: கீழ் ஒலிகளை ஒரு சேனலுக்கும் மேல் ஒலிகளை இன்னொன்றுக்கும் அனுப்பி, ஒரு சேனலைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, மேலே ரிவெர்ப் (செயற்கை முழக்கம்) பூசினார்கள். ஒரே மனிதனின் இடது கை ஒரு ஸ்பீக்கரிலும் வலது கை மற்றொன்றிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏற்கெனவே இருந்த எதிரொலிமேல் இன்னொன்று ஏறி, தாளம் குழம்பும். அட்டையில் ‘எலெக்ட்ரானிக் முறையில் ஸ்டீரியோ ஆக்கப்பட்டது’ என்ற பொருளில் பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் படியுங்கள். அப்படி ஒன்று ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் மோனோ பட்டனை அழுத்தாதீர்கள். தாமதம் உள்ள இரண்டு சேனல்களைக் கூட்டும்போது சில ஒலிகள் ஒன்றையொன்று அழித்து இன்னும் மெலியும். இரண்டில் நல்ல சேனலை மட்டும் எடுத்து இரண்டு ஸ்பீக்கருக்கும் அனுப்புவது மேல்.

இன்னொரு பொறி மறுபதிவுகள், அதாவது அதே பாடகர் பின்னாளில் புதிதாகப் பாடிப் பதிந்தவை. ஸ்மாஷ் கம்பெனி 1964இல் வெளியிட்ட லூயிசின் ‘கோல்டன் ஹிட்ஸ்’ எல்பியில் (நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் பெரிய தட்டு) பாட்டின் பெயர்கள் சன் தட்டுகளில் உள்ளவைதான், பதிவுகள் புதியவை. லிட்டில் ரிச்சர்டும் 1960களில் வேறு கம்பெனிகளுக்காகத் தன் பாட்டுகளை மறுபடி பாடினார். மோசமான வாசிப்பு என்று சொல்ல மாட்டோம், ஆனால் நீங்கள் தேடி வந்தது அது அல்ல. 1957 சன் பாட்டு ஒன்று உண்மையான ஸ்டீரியோவில் கேட்டால் மறுபதிவு என்று சந்தேகப்படுங்கள். இதற்கு நேர்மாறாக, லூயிஸ் 1964 ஏப்ரலில் ஹாம்பர்க் ஸ்டார் கிளப்பில் வாசித்த மேடைப் பதிவைத் தயங்காமல் வாங்கலாம். அந்த இடது கையின் முழு பலமும் அதில் இருக்கிறது. சன் காலத்துப் பதிவுகள் அத்தனையும், அப்போது வெளியிடாத டேக்குகளோடு (அதே பாட்டின் மற்ற முயற்சிகள்), வேண்டும் என்றால் ஜெர்மனியின் பேர் ஃபேமிலி 2015இல் வெளியிட்ட 18 சிடி பெட்டி இருக்கிறது.

அசல் சன் 45 (நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சிறு தட்டு) வாங்குபவர்கள் லேபிளைச் சாய்த்துப் பாருங்கள். மெம்ஃபிசிலேயே அச்சான தட்டுகளில் லேபிளைச் சுற்றி மூன்று வட்ட அழுத்தக் குழிகள் இருக்கும். குழி இல்லாததெல்லாம் போலி ஆகிவிடாது. வேறு ஊர் ஆலைகளிலும் அச்சிட்டார்கள். கலிஃபோர்னியாவின் மொனார்க் ஆலைத் தட்டுகளில், பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்றுப் பட்டையில் சிறு முக்கோணத்தோடு ஓர் எண் கீறியிருக்கும். சன் தட்டுகளுக்குப் போலிகள் நிறைய உண்டு. மஞ்சள் லேபிளின் எழுத்து மங்கலாக, படத்தைப் படமெடுத்தது போல் இருந்தால் விலகிவிடுங்கள்.

தட்டு நன்றாக இருந்தும் இடது கை கேட்கவில்லை என்றால் கருவியைப் பாருங்கள். அந்தக் காலத்து 45களும் மோனோ எல்பிகளும் 1 மில், அதாவது 25 மைக்ரான் முனையுள்ள ஊசிக்காக வெட்டப்பட்டவை. இன்றைய ஸ்டீரியோ கோன் (கூம்பு முனை) ஊசி 0.7 மில். அது தடத்தில் இன்னும் கீழே இறங்கும். ஜூக்பாக்சின் கனத்த ஊசிக்கையில் தேய்ந்த தட்டுக்கு இது சில சமயம் நன்மை, தேயாத பகுதியைத் தொடும். சில சமயம் அடியில் உரசி இரைச்சல் தரும். இரண்டு ஊசியும் இருந்தால் தட்டுக்குத் தட்டு மாற்றிப் பாருங்கள். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் ஷெல்லாக் (அரக்கு) தட்டுக்கு 3 மில் ஊசியே வேண்டும். ஊசி தட்டை அழுத்தும் எடை 45க்கும் எல்பிக்கும் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய பாகம்) கம்பெனி சொன்ன அளவு, பெரும்பாலும் 2 முதல் 3 கிராம். 78க்கு 4 முதல் 5. பெட்டி வடிவ மலிவு பிளேயர்களின் 5 கிராமுக்கு மேற்பட்ட எடையில் ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்த 45கள் சீக்கிரம் கெட்டுவிடும். தேய்மானம் முதலில் தெரிவது வலது கை ஓங்கி அடிக்கும் இடங்களில், அதுவும் தட்டின் உள்வட்டத்தில். கரகரப்பு அங்கே மட்டும் வந்தால் ஊசியை மாற்றிப் பயனில்லை, தட்டே தேய்ந்தது.

அசல் மோனோ தட்டுக்கு மோனோ பட்டனை அவசியம் அழுத்துங்கள். மோனோ தடத்தில் இசை பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது. மேலும் கீழுமான அசைவு வெறும் தூசியும் கீறலும் தரும் இரைச்சல், இரண்டு சேனலையும் சேர்த்தால் அது அடங்கும். 1954க்கு முந்தைய முல்லிகன், டோமினோ 78கள் இன்றைய ஃபோனோ ஆம்ப்ளிஃபயரில் மந்தமாகக் கேட்கலாம். அப்போது தட்டு வெட்டும் கம்பெனிகளுக்குள் பாஸ், ட்ரெபிளை ஏற்றி இறக்கிப் பதிவதற்கு (ஈக்வலைசேஷன்) ஒரே பொது அளவு இல்லை. ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டால் போதும்.

நடு சி-க்கு இரண்டு ஸ்தாயி கீழே உள்ள சி 65 ஹெர்ட்ஸ். இடது கை வேலை செய்யும் எல்லை அங்கேதான் தொடங்குகிறது. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்சும் அதே இடத்தில் வந்து உட்காரும். டர்ன்டேபிளின் எர்த் கம்பியை ஆம்ப்ளிஃபயரின் எர்த் திருகில் இறுக்கியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பாஸ் போதவில்லை என்று வந்த தட்டுகளில் சில, அந்தக் கம்பியை இறுக்கியதும் சரியாகியிருக்கின்றன.

அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய பழைய டர்ன்டேபிள் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 120 ஆக்கும், 50 ஹெர்ட்சை 60 ஆக்காது. ஏசி மோட்டார் உள்ள கருவி ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும்: 45 சுற்று 37.5 ஆகும், சி சுருதிப் பாட்டு ஏ பக்கம் இறங்கும். மோட்டார் கப்பியை 50 ஹெர்ட்சுக்கானதாக மாற்ற வேண்டும். வேகம் பார்க்கும் ஸ்ட்ரோப் தட்டிலும் 33⅓ வரிசைக்கு நமக்கு 180 கோடுகள், அமெரிக்கத் தட்டில் 216. மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

துளை நடுவில் இல்லாத தட்டு பாடகரின் குரலில் அவ்வளவாகத் தெரியாது. பியானோவில் உடனே தெரியும், ஏனென்றால் அடித்த சுரம் பியானோவில் வளைய முடியாது. ‘யூ வின் அகெய்ன்’ போன்ற மெதுவான பாட்டில் நீண்டு நிற்கும் கார்டு அலைந்தால், சுழலும்போது ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) இடம்வலமாக ஆடுகிறதா என்று பாருங்கள். அமெரிக்க 45இன் பெரிய துளைக்குத் தளர்ந்த அடாப்டர் போட்டாலும் இதே கோளாறு வரும். அடாப்டரை மாற்றிப் பார்த்தும் ஆர்ம் ஆடினால் தட்டைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம்.

கழுவும்போது, வினைலுக்கு டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு சொட்டு மென்மையான திரவ சோப்பு போதும், பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசுங்கள். ஷெல்லாக்கில் ஆல்கஹால் பட்டால் தட்டு கரையும். ஸ்டைரீனுக்கும் ஆல்கஹால் வேண்டாம். மழைக்காலத்தில் வெள்ளைப் புள்ளியாகப் பூஞ்சை வந்தால் உலர்ந்த துணியால் தேய்க்காமல் ஈரத்தில் கழுவி, உள்ளுறையையும் மாற்றிவிடுங்கள். பழைய உறையில் வித்து இருக்கும். வண்டியில் வெயிலில் வைக்காதீர்கள், தட்டுகளைச் செங்குத்தாக நிற்க வைத்து அடுக்குங்கள்.

இனிமேல் இந்த அலமாரியின் ஒவ்வொரு தட்டிலும் சீட்டு ஒட்டியிருக்கும்: அசல் மோனோ, மோனோ மறுபதிப்பு (பழைய பதிவையே மறுபடி அச்சிட்டது), மாற்றப்பட்ட ஸ்டீரியோ, மறுபதிவு என்ற நான்கில் ஒன்று, கூடவே எங்கள் கடையில் எந்த ஊசியில் போட்டுக் கேட்டோம் என்பதும். தபாலில் வாங்குபவர்கள் ஆர்டரோடு உங்கள் கார்ட்ரிட்ஜின் பெயரையும் ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டன் உண்டா என்பதையும் எழுதுங்கள். அதற்குப் பொருந்தாத தட்டு என்றால் அனுப்பும் முன்பே சொல்லிவிடுகிறோம்.

அன்புடன்,
கடையின் இசைத்தட்டுப் பிரிவினர்