அசைவ மெஸ் முதலாளிகளுக்கு: அந்தத் தட்டில் காய்கறிக்கும் ஒரு கிண்ணம் வையுங்கள்

தமிழ்நாட்டில் அசைவ மெஸ், மிலிட்டரி ஓட்டல், பிரியாணிக் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறியைக் குறையுங்கள், சைவத்துக்கு மாறுங்கள் என்று புத்தி சொல்ல வரவில்லை. உங்கள் கடைக்கு ஆசையாக வருகிற ஆள் நான். குடல் குழம்பு தீர்ந்துவிட்டது என்று சொன்னால் முகம் தொங்கிப்போகிற ரகம். 2014-இல் மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்று வந்தது. ஊரே உங்கள் வாடிக்கையாளர்தான். அதனால்தான் டாக்டர்களுக்கும் அரசாங்கத்துக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். அவர்கள் சொல்வதை நாங்கள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வோம். நீங்கள் பரிமாறுவதைத்தான் சாப்பிடுவோம்.

என் குறை இதுதான்: உங்கள் இலையில் காய்க்கு மரியாதை இல்லை.

மதியம் இலை போட்டதும் நடப்பதைப் பாருங்கள். வாளியோடு ஒரு தம்பி வருவார். முட்டைக்கோஸ் ஒரு கரண்டி, பீட்ரூட் ஒரு கரண்டி. வேண்டுமா என்று கேட்க மாட்டார், வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடுவார். கோஸ் காலையிலேயே வெந்து, தண்ணீர் விட்டு, நிறம் செத்துக் கிடக்கும். அவருக்குப் பின்னால் இன்னொருவர் பெரிய எவர்சில்வர் தட்டை ஏந்திக்கொண்டு வருவார். அதில் கிண்ணம் கிண்ணமாக மட்டன் சுக்கா, ஈரல், மூளை, கோலா உருண்டை, காடை, நெத்திலி வறுவல். தட்டை நம் மூக்குக்குக் கீழே இறக்கி, “சுக்கா இப்பத்தான் சார் இறக்குனது, சூடா இருக்கு” என்பார். யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? தட்டில் வந்ததைக் காசு கொடுத்து வாங்குகிறோம். வாளியில் வந்ததை இலை ஓரத்துக்குத் தள்ளுகிறோம். இலையை மடிக்கும்போது கோஸ் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும்.

“யாரும் காய் கேக்குறதில்லைங்க” என்று நீங்கள் சொல்வீர்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் போய்ப் பாருங்கள். பிரியாணிக்கு அங்கே தொட்டுக்கொள்ள வருவது புளியும் எண்ணெயும் ஊறிய கத்திரிக்காய். அது வர ஒரு நிமிஷம் தாமதமானாலும் சாப்பிடுகிறவர் கழுத்தை நீட்டிப் பார்ப்பார். வீட்டில் கத்திரிக்காயைக் கண்டாலே எழுந்து ஓடுகிற பையன்கூட அங்கே இரண்டாம் தடவை கேட்கிறான். காய் அதே காய்தான், சமைத்தவர் கை வேறு.

உங்கள் பயம் என்னவென்று எனக்குத் தெரியும். குழம்பில் காய் மிதந்தால் “கறியைக் குறைச்சுட்டான்” என்று பேச்சு வரும். அந்தப் பேச்சு சும்மா வந்ததும் இல்லை. அரைக் கிலோ கறி, எட்டுப் பேர் என்றிருந்த வீடுகளில் அம்மாக்கள் உருளைக்கிழங்கையும் வாழைக்காயையும் போட்டுத்தான் குழம்பை நிரவினார்கள். அப்பாவுக்கு நெஞ்செலும்பு, பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு துண்டு, அம்மாவுக்குக் கிழங்கும் குழம்பும். அப்படி வளர்ந்தவர்கள் கையில் காசு வந்ததும் காயில்லாத கறியைக் கேட்டார்கள். கெடா விருந்தில் சோறு, கறி, குழம்பு, ரசம் இவற்றைத் தவிர வேறு எதுவும் இலையில் இருக்கக் கூடாது என்பதே ஒரு கௌரவம். பச்சையாக எதையாவது வைத்தால் விருந்து வைத்தவர் கஞ்சன் ஆகிவிடுவார்.

இன்னொரு பக்கம், காயை நாம் விரதத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டோம். வெள்ளி, செவ்வாய், புரட்டாசி, கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்ட நாட்கள். காய் என்றால் கறி கிடைக்காத நாளில் தின்பது என்று மனசில் பதிந்துபோயிற்று. புரட்டாசி முடிந்த மறுநாள் கறிக்கடை வரிசையைப் பார்த்தால் ஏதோ ஜெயிலிலிருந்து வெளியே வந்தவர்கள் மாதிரி நிற்கிறோம். ஒரு மாசம் காய் தின்றதற்குப் பரிகாரமாக அடுத்த மாசம் முழுக்கக் காயைத் தொடுவதில்லை. (சைவக்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல், தயிர்சாதம் என்று ஆயுசை ஓட்டுகிறவர்கள் உங்களிலும் நிறையப் பேர். சைவமாக இருப்பது வேறு, காய் சாப்பிடுவது வேறு.)

ஆனால் நம் சமையலில் கறியும் காயும் ஒரே சட்டியில் கிடந்தவைதான். கருவாட்டுக் குழம்பில் கத்திரிக்காயும் மொச்சையும், மீன் குழம்பில் மாங்காய், இறாலோடு சுரைக்காய் அல்லது பீர்க்கங்காய், முருங்கைக்கீரையில் உடைத்து ஊற்றிய முட்டை. நெய்ச்சோற்றுக்கு ஊற்றும் தால்ச்சாவில் பருப்பு, எலும்பு, கத்திரிக்காய், வாழைக்காய், மாங்காய் எல்லாம் கிடக்கும். ஆடி மாசம் அம்மன் கோயில் கூழுக்கு முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் சேர்ந்தேதான் வரும். யாழ்ப்பாணத்து ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) கூழில் மீன், நண்டு, இறாலோடு பயத்தங்காயும் பலாக்கொட்டையும் முருங்கை இலையும் போடுவார்கள். இதில் எதையும் யாரும் உடம்புக்கு நல்லது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்பதில்லை.

கருவாட்டுக் குழம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நெத்திலிக் கருவாட்டின் உப்பும் புளிக்காரமும் கத்திரிக்காய்க்குள் இறங்க நேரம் வேண்டும். காயை முதலில் எண்ணெயில் தோல் சுருங்க வதக்கி, குழம்பு கொதித்துக் காய் பாதி வெந்த பிறகு கருவாட்டைப் போட்டால், கடைசியில் கருவாட்டைவிடக் காய்க்குத்தான் வீட்டில் சண்டை வரும். மறுநாள் பழைய சோற்றோடு இன்னும் பிரமாதம். இது உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் வீட்டிலேயே இப்படித்தான் வைப்பார்கள். கடைக்கு வரும்போது மட்டும் காய் ஏன் காணாமல் போகிறது என்பதுதான் என் கேள்வி. தால்ச்சாவின் கதி இன்னும் மோசம். பார்சலோடு கட்டித் தருகிற அந்தப் பாக்கெட்டைப் பிரித்தால் மஞ்சள் தண்ணீரில் ஒரு கத்திரிக்காய்க் காம்பு மிதக்கிறது.

சுவையோடு நிறுத்திக்கொள்ளலாம். இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் அவ்வளவு எளிதாகச் சேராது. கூட ஒரு துண்டு கறியோ மீனோ இருந்தால் கூடுதலாகச் சேரும். புளிப்பான காய், எலுமிச்சை இருந்தாலும் அப்படியே. கீரையும் கருவாடும் ஒரே இலையில் இருப்பதில் நாக்குக்கு மட்டும் லாபமில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் சாப்பிடச் சொல்கிறது. உருளைக்கிழங்கு அந்தக் கணக்கில் சேராது. உங்கள் ஒரு கரண்டி கோஸ் எந்த மூலைக்கு? மதியம் மெஸ், ராத்திரி பரோட்டாக் கடை என்று வெளியூரில் வேலை பார்க்கிற பையன்களுக்கு நாள் முழுக்கக் கிடைக்கிற காயே அதுதான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு பொரியலை ஒன்றாகக் குறையுங்கள், அந்த ஒன்றைப் பந்திக்குப் பந்தி சூடாக வதக்கி வையுங்கள். கோஸுக்குக் கொஞ்ச நாள் லீவு விடுங்கள். அவரை, கொத்தவரை, புடலை, பாகல் எல்லாம் சந்தையில் கிடைக்கின்றன. பருவத்துக்கு எது மலிவோ அதை வாங்குங்கள். கருவாட்டுக் குழம்பில் காயை எண்ணிப் போடாதீர்கள். “கறியைக் குறைச்சுட்டான்” என்ற பேச்சுக்குப் பயமென்றால் கறி அளவில் கைவைக்காமல் பத்து ரூபாய் கூட்டிக்கொள்ளுங்கள், தருகிறோம். ஆட்டுக்கறி விற்கிற விலையில், இறால் சுரைக்காய் மாதிரி ஒரு கிண்ணம் நன்றாக ஓடினால் உங்கள் கல்லாவுக்கும் நஷ்டமில்லை.

முக்கியமானது அந்தத் தட்டு. சுக்காவுக்கும் கோலாவுக்கும் நடுவில் ஒரு கிண்ணம் எண்ணெய்க் கத்திரிக்காயோ, மிளகு போட்டு முறுகலாக வறுத்த வாழைக்காயோ, முட்டை உடைத்து ஊற்றிய முருங்கைக்கீரையோ வையுங்கள். இலவசமாகத் தர வேண்டாம், விலை போட்டே வையுங்கள். சும்மா கிடைப்பதை நாங்கள் மதிக்க மாட்டோம் என்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும். தட்டைத் தூக்கி வருகிற அந்தத் தம்பியிடம் மட்டும் சொல்லி வையுங்கள், சுக்காவுக்குச் சொல்கிற அதே குரலில் இதையும் சொல்ல வேண்டும் என்று: “கத்திரிக்கா இப்பத்தான் சார் இறக்குனது.”

இப்படிக்கு,
இரண்டாம் பந்திக்கு வருகிற ஒரு வாடிக்கையாளர்