உரப்பைக்குள் நான்கு குட்டிகள்

ஆசிரியருக்கு,

கொட்டகலைக்கு அருகே எங்கள் தோட்டத்தில் சென்ற வாரம், தேயிலைச் செடிக்கடியில் வாய் கட்டிய உரப்பை ஒன்று அசைந்தது. உள்ளே கண் திறக்காத நான்கு நாய்க்குட்டிகள். நான்கும் பெட்டை. ஆண் குட்டியென்றால் காவலுக்கு வைத்துக்கொண்டிருப்பார்கள்.

கொழுந்து பறிக்கப் போன பெண்கள் மடியில் கட்டிக் கொண்டுவந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை துணி நனைத்துப் பால் புகட்டியும் இரண்டுதான் மிஞ்சின. மிருக வைத்தியரிடம் போய்வந்த முச்சக்கரவண்டிக் கூலியே ஒரு நாள் சம்பளத்தை விழுங்கிவிட்டது. இதில் வேடிக்கை, “நீங்கள்தான் வளர்ப்பீர்களே” என்று நேற்று இன்னொருவர் ஒரு பூனையையும் வாசலில் விட்டுப் போனார்!

இலங்கையின் 1907ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் வதைக்கு 100 ரூபாய் வரை தண்டம் விதித்தது. அன்று அது பெரிய தொகை. இன்று ஒரு தேநீருக்கே சரியாகிவிடும்.

எறிபவரை மட்டும் ஏசிப் பயனில்லை. பெட்டை நாய் ஆண்டுக்கு இருமுறைகூட ஈனும். கருத்தடைக்கு நகரத்துக்குத் தூக்கிப்போக ஒரு நாள் வேலையை விட வேண்டும். காலையில் நாங்கள் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை கருத்தடை முகாம் போட்டால், விசர்நாய்த் தடுப்பூசியும் சேர்ந்தே முடிந்துவிடும். நாய்களைப் பிடித்துக் கொடுக்க நாங்கள் தயார்.

தோட்ட வாசகி,
கொட்டகலை.