லினக்ஸ் டிரைவர்கள் அனாதையாகாமல் இருக்க ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ஒரு யூஎஸ்பி சாதனத்தைச் செருகுகிறீர்கள். அடுத்த நொடியே அது வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. எதையும் தரவிறக்கவில்லை, எதையும் நிறுவவில்லை. லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். அந்த ஒரு நொடியில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிட்டு, எதற்காகக் கை நீட்டுகிறோம் என்பதற்கு வருகிறோம்.

செருகியதும் சாதனம் தன்னைப் பற்றி இரண்டு எண்களைச் சொல்கிறது. ஒன்று தயாரித்தவரைக் குறிக்கும் எண், இன்னொன்று பொருளைக் குறிக்கும் எண். இரண்டும் தலா 16 பிட். ஒரு சாதனத்தோடு பேசி அதை இயக்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். ஒவ்வொரு டிரைவரும் தனக்குத் தெரிந்த எண்களை ஓர் அட்டவணையாக வைத்திருக்கும். எண் பொருந்தினால் அந்த டிரைவர் நினைவகத்தில் ஏற்றப்படுகிறது, அதன் ப்ரோப் ஃபங்ஷன் (சாதனத்தைத் தொடக்கிவைக்கும் நிரல்பகுதி) சாதனத்தை எழுப்புகிறது, உங்கள் வேலை தொடங்குகிறது. அந்த அட்டவணையில் உங்கள் சாதனத்துக்கென்று இருப்பது ஒரே ஒரு வரி. அதை எழுதியவர், சோதித்தவர், பத்து ஆண்டு கழித்தும் அது உடைந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறவர் என்று அதற்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள். கடைசியாகச் சொன்ன அந்த ஆளுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

நாங்கள் துணைச் சாதனங்களின் டிரைவர்களைச் சோதித்து, பழுது பார்த்து, அந்தந்தப் பிரிவின் பராமரிப்பாளர்களுக்குப் பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பும் தன்னார்வலர்களின் குழு. எங்கள் கையில் அதிகம் புரள்வது, பழைய சீரியல் போர்ட் சாதனங்களை யூஎஸ்பியில் இணைக்க உதவும் யூஎஸ்பி சீரியல் அடாப்டர்களும் பழைய உள்ளீட்டுச் சாதனங்களும்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் மூலநிரலில் பாதிக்கும் மேல் டிரைவர்கள்தான். ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வருகிறது. கெர்னலுக்குள்ளே டிரைவர்கள் பேசும் இடைமுகம் நிலையாக இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். பழைய தவறுகளைச் சுமக்காமல் கெர்னல் முன்னேற அதுதான் வழி, அதில் எங்களுக்கும் முழு உடன்பாடு உண்டு. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. 2017-இல் டைமர்களை (குறித்த நேரம் கழித்து ஒரு வேலையைச் செய்யவைக்கும் ஏற்பாடு) அமைக்கும் முறையையே மாற்றினார்கள். டைமர் பயன்படுத்திய டிரைவர்கள் எல்லாவற்றையும் தொட வேண்டி வந்தது. பெரும்பகுதியைக் கருவிகளே மாற்றிக் கொடுத்துவிட்டன. சரி, மாற்றியபின் கம்பைல் ஆகிறது, அதாவது மூலநிரல் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாறுகிறது. சாதனம் வேலை செய்கிறதா? அதைச் சாதனத்தைச் செருகிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இங்கேதான் சிக்கல். கெர்னலில் மெயின்டெய்னர்ஸ் என்று ஒரு கோப்பு உண்டு. எந்த டிரைவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கும். பக்கத்திலேயே நிலையும் இருக்கும். சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் பார்த்துக்கொண்டால் ‘சப்போர்ட்டட்’. ஆள் இருந்தால் ‘மெயின்டெய்ன்ட்’. எப்போதாவது வரும் திருத்தத்தைச் சேர்ப்பதோடு சரி என்றால் ‘ஆட் ஃபிக்சஸ்’. யாருமே இல்லை என்றால் ‘ஆர்ஃபன்’, அதாவது அனாதை. 2019-இல் ஃபிளாப்பி டிரைவருக்கு இந்தக் கடைசிப் பெயர் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் வேலை செய்யும் ஃபிளாப்பி டிரைவ் ஒன்றுகூட மிச்சமில்லை. அறிவும் ஆர்வமும் இருந்தும் கையில் பொருள் இல்லை. பின்னால் வேறொருவர் முன்வந்து அதை எடுத்துக்கொண்டார். எல்லா டிரைவருக்கும் அப்படி ஆள் அமைவதில்லை.

எங்கள் அனுபவமும் இதே கதைதான். ஒரு நிறுவனம் தன் சாதனத்துக்குத் தானே டிரைவர் எழுதி கெர்னலில் சேர்த்தது. நல்ல டிரைவர், படிக்கவே சுகமாக இருக்கும். அந்தப் பொருளின் உற்பத்தியை நிறுத்தியதும் எழுதியவரின் முகவரிக்குப் போகும் மடல்கள் திரும்பி வரத் தொடங்கின. சாதனம் மட்டும் இன்னும் பலர் மேசையில் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு பதிப்பு தாண்டி, கணினி தூங்கி விழித்தபின் அது எழுந்திருக்கவில்லை என்று ஒருவர் எழுதினார். எங்களில் ஒருவர் பழைய பொருள் விற்கும் இடத்தில் தேடி, தன் காசில் ஒன்றை வாங்கி, எந்த மாற்றத்தில் உடைந்தது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் இரவுகளைச் செலவிட்டார். கடைசியில் திருத்தம் மூன்றே வரி.

பொருள் கையில் இருந்தால்தான் தெரியவரும் விஷயங்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்லியே ஆக வேண்டும். அடாப்டர்களுக்குள் இருக்கும் சிஎச்341 வகை சீரியல் சிப்களில் சில, கம்பியை நெடுநேரம் தாழ்த்தி வைத்து எதிர்முனைக்குச் சைகை காட்டும் ‘பிரேக்’ என்ற சிக்னலை அனுப்பவே தெரியாதவை. வெளியிலிருந்து பார்த்தால் மற்றவை போலவே இருக்கும். இப்போது டிரைவர் தொடக்கத்திலேயே சிப்பைச் சோதித்து, அந்த வசதி இல்லை என்று தெரிந்தால் வேகத்தை மிகக் குறைந்த அளவுக்கு இறக்கி, ஒரு பூஜ்ஜிய பைட்டை அனுப்புகிறது. கம்பி நெடுநேரம் தாழ்ந்தே இருப்பதால் எதிர்முனை அதை பிரேக் என்றே எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு அழகான தீர்வு! இப்படி ஒன்றை எழுத, அந்தக் குறையுள்ள சிப்பும் குறையில்லாத சிப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எங்கள் சோதனை மேசையில் இருக்கும் அடாப்டர்கள் எல்லாம் மூடி கழற்றப்பட்டவை. அனுப்பும் பின்னையும் வாங்கும் பின்னையும் ஒரு குட்டி வயரால் சேர்த்துப் பற்றவைத்திருக்கிறோம். போன பைட் அப்படியே திரும்பி வர வேண்டும். எல்லா வேகத்திலும் வர வேண்டும், கணினி தூங்கி எழுந்தபிறகும் வர வேண்டும். அப்புறம் மிக முக்கியமான சோதனை: ஒரு நிரல் போர்ட்டைத் திறந்து வைத்திருக்கும்போதே கேபிளைப் பிடுங்குவது. விடுவித்துவிட்ட நினைவகத்தை டிரைவர் தொடர்ந்து பயன்படுத்தினால் கெர்னலே கவிழ்ந்துவிடும், பாதுகாப்பு ஓட்டையாகவும் ஆகலாம். ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் இதை இன்று கையால் செய்கிறோம். செருகு, பிடுங்கு, பதிவைப் பார், மறுபடி செருகு. விடுமுறை நாள் முழுக்க இதிலேயே போய்விடும்.

ஆகவே முதலில் கேட்பது ஒரு சோதனை அடுக்கு. ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியாக மின்சாரத்தை நிறுத்தித் திறக்கும் ஹப்கள், அவற்றை ஓட்ட நாலைந்து சிறு கணினிகள், இரவில் ஆளில்லாமல் தொங்கிப்போனால் தானாக மறுதொடக்கம் செய்யும் ஏற்பாடு. இது அமைந்துவிட்டால், வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு வந்த அன்றே எல்லாச் சாதனங்களிலும் ஓட்டிப் பார்த்துவிடலாம். பயனர் கைக்குப் போகுமுன்பே பிழை பிடிபடும்.

ஆனால் பெரும்பங்கு ஓர் ஆளின் நேரத்துக்குத்தான் போகும், அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். வாரத்தில் இரண்டு நாள் இதையே வேலையாகச் செய்ய ஒருவருக்கு ஊதியம் தர விரும்புகிறோம். கருவி வாங்கப் பணம் தர நிறையப் பேர் முன்வருவார்கள், ஆளுக்குத் தரத் தயங்குவார்கள் என்று எங்களில் சிலர் எச்சரித்தார்கள். இருந்தாலும் அடுக்கு மட்டும் இருந்து, அது காட்டும் பிழையை உட்கார்ந்து படிக்க ஆள் இல்லை என்றால் பயனில்லை. அதோடு, ஒழுங்குபடுத்தும் வேலையும் காத்துக் கிடக்கிறது. ஒரே வேலையைச் செய்யும் நிரல்துண்டு நான்கைந்து டிரைவர்களில் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். அதைப் பொது இடத்துக்குக் கொண்டுபோனால் நான்கையும் ஒரே இடத்தில் திருத்திவிடலாம். புகழ் தராத வேலை இது. இரவில் கண்விழித்துச் செய்கிற தன்னார்வலரிடம் போய் இதைக் கேட்க எங்களுக்கு மனம் வருவதில்லை.

எவ்வளவு தந்தாலும் சரி. ஒருமுறை பெரிதாகத் தருவதைவிட மாதாமாதம் சிறிதாகத் தருவது எங்களுக்கு அதிகம் உதவும், ஏனென்றால் ஊதியத்தை அதை நம்பித்தான் உறுதி செய்ய முடியும். வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுவோம். தந்தவர் விரும்பினால் ஒழிய பெயர் வெளிவராது. நிறுவனங்கள் தரும் பணத்தை ஏற்போம். ஆனால் எந்தச் சாதனத்தை முதலில் சரிசெய்வது என்பதைப் பயனர்களின் முறையீடுகளை வைத்துக் குழுதான் முடிவு செய்யும்.

பணம் தர இயலாதவர்கள் பழைய சாதனங்களைத் தரலாம். இழுப்பறையில் தூங்கும் அடாப்டர், வரைபலகை, ஜாய்ஸ்டிக், எதுவானாலும். உடைந்ததைக்கூட அனுப்புங்கள், உள்ளே இருக்கும் சிப் போதும். அனுப்புமுன் அதைச் செருகி, செருகிய சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளை காட்டும் வரியை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். செருகியும் அந்த வரி வரவில்லை என்றால், வரவில்லை என்றே எழுதுங்கள்.

அன்புடன்,
குழுவினர்