சீடார் மரத்தில் கயிறு கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பிள்ளைகள் பாறை ஏறப் பழகுவதைப் பற்றிப் போன கிழமை உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் வாசித்தோம். நல்ல கட்டுரை. குளிர்காலம் முழுக்க உள்ளரங்குச் சுவர்களில் பழகிவிட்டு, கோடை வந்ததும் மில்ரனுக்குப் பக்கத்தில் உள்ள றற்றில்ஸ்நேக் பொயின்ற் என்ற பாறைப் பூங்காவுக்குப் போகிற பெடியள், பெட்டையளின் படங்கள் வடிவாக இருந்தன. எங்கள் சனம் கிரிக்கெட்டையும் கரப்பந்தையும் தாண்டி இன்னொரு விளையாட்டுக்குப் போவதில் எனக்கும் சந்தோசம்தான். என் மகளும் ஏறுகிறாள். அவளுடைய கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கப் போய், ஐம்பது வயதுக்கு மேல் எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது.

ஆனால் அந்த நடுப் படம் எனக்கு மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. பாறை விளிம்பில் என் கை மொத்தத்தில் ஒரு சீடார் மரம். அதன் அடியில் இரண்டு சுற்றுச் சுற்றிய மஞ்சள் நாடா, அதிலிருந்து கீழே இறங்கும் கயிறு. பக்கத்தில் பெருவிரலை உயர்த்திக்கொண்டு ஒரு தம்பி சிரிக்கிறார். மரத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அந்த விடுபட்ட வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

என் தொழில் வீட்டு வளவு திருத்துவது. பனி கரைந்த நாளிலிருந்து ஒக்ரோபர் வரை எனக்குப் பாதி வேலை சீடார் வேலி நடுவதுதான். எங்கடை ஆட்கள் புது வீடு வாங்கினால் கல் பதிக்க முன்னரே வேலியைத்தான் கேட்பார்கள். “அண்ணை, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்காத மாதிரி ஒரு வேலி போட்டுத் தாங்கோ.” ஊரில் கிளுவையும் பூவரசும் நட்டு வளர்ந்த சனம், வேறென்ன கேட்கும்? நாற்றுமேடையிலிருந்து ஆறடிக் கன்றுகள் வேர்மண்ணோடு சாக்கில் கட்டி வரும். ஒழுங்காகத் தண்ணீர் விட்டால் ஆண்டுக்கு முக்கால் அடியாவது வளரும். பட்டுப்போனால் பிடுங்கி எறிந்துவிட்டு இன்னொன்றை நடுவோம்.

பாறையில் நிற்பதும் இதே இனம்தான், தூயா ஒக்சிடென்ராலிஸ் என்கிற வெள்ளைச் சீடார். அதனால்தான் “சீடார்தானே” என்று எல்லோருக்கும் அதன்மேல் ஒரு இளக்காரம். இந்த இனம் அழியவும் இல்லை. ஒன்ராறியோவின் சதுப்புக் காடுகளில் தாராளமாக நிற்கிறது. போனால் திரும்பக் கிடைக்காதவை பாறை முகத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் அந்தக் கிழடுகள் மட்டும்தான்.

1980களின் கடைசியில் குவெல்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டக் லார்சனும் அவரோடு வேலை செய்தவர்களும் நயாகரா எஸ்காப்மென்ற் பாறைகளில் நின்ற குள்ளச் சீடார்களின் வளையங்களை எண்ணத் தொடங்கினார்கள். நயாகராவில் தொடங்கி ரொபர்மோரி வரை 725 கிலோமீற்றர் ஓடுகிற பாறைத்தொடர் அது. 1990இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகம் ஆக்கியது. எண்ணிப் பார்த்தால் பல மரங்களுக்குப் பல நூறு வயது. சில மரங்கள் ஆயிரம் வயதையும் தாண்டியவை. தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடிந்தது 1010இல். அதற்கு முன்னரே முளைத்து, அவர்கள் எண்ணியபோதும் உயிரோடு நின்ற மரங்கள் அங்கே இருந்திருக்கின்றன. ரொறன்ரோவிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டத்தில் உள்ள மில்ரன், பேர்லிங்ரன் பக்கத்துப் பாறைகளிலும் பல நூறு வயதுச் சீடார்கள் நிற்கின்றன.

அவை வளர்கிற விதத்தைக் கேட்டால் என்னைப் போன்ற வேலிக்காரனுக்குத் தலை சுற்றும். இந்தப் பேரேரிகள் பகுதியின் பாறை ஒன்றில் நின்ற ஒரு வெள்ளைச் சீடார் 155 ஆண்டில் வளர்ந்த உயரம் சுமார் 10 சென்ரிமீற்றர். நிறை 17 கிராம். உலகிலேயே மிக மெதுவாக வளர்ந்த மரம் என்று அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். ஏறும்போது கைக்குத் தடையாக இருக்கிறது என்று நாம் விரலால் கிள்ளி எறியும் ஒரு ‘புல்லு’ நம் கொப்பாட்டனைவிட மூத்ததாக இருக்கலாம்.

காட்டுத்தீ பாறை முகத்துக்கு வருவதில்லை. கோடரியோடு போனவனுக்கும் அந்தக் கோணல் மரத்தால் பிரயோசனம் இல்லை. மண் இல்லாத இடத்தில் போட்டிக்கு வேறு மரமும் இல்லை. இவ்வளவு காலமும் அவை பிழைத்து நின்றது இப்படித்தான். யாரும் எட்டமுடியாத இடம் என்பதுதான் அவற்றுக்கு வேலி. அந்த இடத்தை எட்டுவதையே விளையாட்டாக வைத்திருப்பவர்கள் நாங்கள்.

இனி அந்த மஞ்சள் நாடாவுக்கு வருகிறேன். இந்தச் சீடாரில் ஒவ்வொரு வேரும் தனக்கு நேர் மேலே உள்ள தண்டுப் பகுதிக்குத்தான் தண்ணீர் அனுப்பும். பாறை இடிந்து ஒரு வேர் போனால், அந்த வேருக்கு மேலே ஒரு பட்டி மட்டும் காய்ந்துபோகும், மற்றப் பக்கம் பச்சையாகவே இருக்கும். இப்படி ஒவ்வொரு பக்கமாகச் செத்துச் செத்து, முதிய மரங்களில் கடைசியில் ஒரு ஒடுங்கிய கீற்றில்தான் உயிர் ஓடும். றற்றில்ஸ்நேக் பொயின்ரில் அப்படியொரு மரத்தைக் குந்தியிருந்து பார்த்தேன். தண்டின் பெரும்பகுதி வெளுத்து, உப்புக் காற்றில் கிடந்த வள்ளப்பலகை மாதிரி இறுகியிருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் மூன்று விரல் அகலத்துக்குச் செம்மண் நிறத் தோல். கயிறும் நாடாவும் உராய்ந்து, சரியாக அந்த மூன்று விரல் அகலத்தில்தான் தோல் நார்நாராகப் பிரிந்து, அடியில் வழுவழுப்பாக மினுங்கியது. செத்த பக்கத்துக்கு ஒரு கீறலும் கவலையில்லை. இருக்கிற கொஞ்ச உயிரும் அந்தக் கீற்றில்தான்.

அதே நாளில் பக்கத்து மரத்தில் நாடா சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெடியனிடம் சொன்னேன். எங்கடை பெடியன்தான், மரியாதையாகத்தான் கதைத்தார். “அங்கிள், பயப்படாதேங்கோ, இந்த மரம் ட்ரக்கையே தாங்கும்” என்றார். “நீர் விழமாட்டீர், அது எனக்கும் தெரியும். நான் உமக்காகச் சொல்லேல்லை, தம்பி. இந்தத் தோல் போனா மரம் போச்சு” என்றேன். குனிந்து பார்த்தார். பாறை ஏறப் பழக்குகிற இடங்களில் மரம் எங்களைத் தாங்குமா என்று பார்க்கச் சொல்லித் தருகிறார்கள். உள்ளரங்கில் எல்லாம் இரும்பு, அங்கே அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லைத்தான். வெளியே கூட்டிக்கொண்டு வருகிறவர்களாவது, எங்களை அந்த மரம் தாங்குமா என்ற கேள்வியைச் சேர்த்துப் பழக்க வேண்டும்: எங்கள் கயிற்றால் மரத்துக்குக் காயம் வருமா?

இது ஒரு வேலிக்காரனின் புலம்பல் மட்டும் இல்லை. லார்சனின் குழு 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்கள் ஏறுகிற பாறைகளில் உள்ள முதிய சீடார்களில் காயங்களும் மரம் அரியும் வாளால் அறுத்த கிளைகளும் இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். 2002இல் வந்த இன்னொரு ஆய்வு, ஏறுகிற பாறைகளில் செடிகளும் பாசிகளும் குறைவு, வெளியிலிருந்து வந்த களைகளின் பங்கு அதிகம் என்றது.

இதற்கு ஏறுகிறவர்கள் சொல்லும் பதில் எனக்கும் தெரியும். “நாங்கள் தேடிப் போவதே மொட்டைப் பாறை, அதில் முதலிலேயே ஒன்றும் முளைப்பதில்லை.” அதில் நியாயம் இருக்கிறது. அதே குவெல்ப்பிலிருந்து 2006இல் வந்த ஆய்வும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னது: பாறையின் வெடிப்பும் தட்டும் எப்படி இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் செடியும் இருக்கும், எல்லாப் பழியையும் ஏறுகிறவர் தலையில் போட முடியாது. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது பாறை முகத்துக்குத்தான் பொருந்தும். மேலிருந்து கயிறு போட்டு ஏறுகிற நாங்கள் முதலில் போய் நிற்பது மேல் விளிம்பில். சீடார் வேர்கள் வெளியே தெரியும்படி மண் தேய்ந்து கிடப்பதும் அங்கேதான். மொட்டைப் பாறை என்ற வாதத்தால் அந்த விளிம்பைக் காப்பாற்ற முடியாது.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நீளாத ரகக் கயிறு, ஸ்டற்றிக் என்பார்கள், அதில் ஒரு நீளத் துண்டு வாங்குங்கள். பூங்கா நிர்வாகம் பாறையில் இரும்பு போல்ட் பொருத்தியிருந்தால் அதில் கட்டுங்கள். இல்லாவிட்டால் விளிம்பிலிருந்து பின்னுக்குப் போய், நல்ல மண்ணில் நிற்கும் பருத்த மேப்பிளிலோ ஓக்கிலோ, தோல் உராயாமல் அகல நாடா சுற்றிக் கட்டலாம். கயிறு பாறையில் வளையும் இடத்தில் பழைய கார்ப்பெற் துண்டு ஒன்றைப் போட்டால் கயிற்றுக்கும் நல்லது. இதற்குப் பத்து நிமிடம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான். போல்ட் இல்லை என்பதற்காக நாமே துளைபோடும் யந்திரத்தோடு போய்விடக் கூடாது, அது வேறு வழக்கு.

புதுப் பாதை திறக்கிறோம் என்று கம்பித் தூரிகையால் வெடிப்பில் உள்ள பாசியையும் பன்னச் செடிகளையும் சுரண்டி எடுப்பதை என்னால் விளையாட்டு என்று சொல்ல முடியாது. குறிப்பாக, கயிறில்லாமல் பெரிய கற்களில் ஏற வடக்கே கிரே, புறூஸ் பக்கம் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே நிழலில், பாசி பிடித்த கற்களுக்கு இடையில் ஹார்ட்ஸ் ரங் என்ற பன்னம் வளர்கிறது. இலை பிரியாமல், பட்டி போல நீண்டு, பளபளவென்று இருக்கும். வட அமெரிக்காவில் உள்ள இந்த வகையின் பெரும்பகுதி இந்த எஸ்காப்மென்றில்தான் இருக்கிறது. கனடா அதைச் சிறப்புக் கவனத்துக்குரியதாகப் பட்டியலிட்டிருக்கிறது, அமெரிக்காவில் 1989இலிருந்து அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம். கைக்குப் பூசும் சோக் தூளும் பன்னங்களும் பாசிகளும் முளைப்பதையும் பிழைப்பதையும் கெடுக்கிறது என்று சுவிற்சர்லாந்து ஆய்வு ஒன்று 2020இல் காட்டியது. கண்ணுக்கு வெள்ளை தெரியாத இடத்திலும் தூள் படிந்திருந்ததாம். அள்ளிப் பூசாமல் அளவாகப் பூசுங்கள். அப்புறம் சப்பாத்தைக் காரில் ஏற முன்னர் தட்டிவிடுங்கள். கார்லிக் மஸ்ரர்ட் என்ற களையின் விதை மண்ணோடு ஒட்டி அடுத்த காட்டுக்குப் போய்விடும். அது வந்து பிடித்த வளவுகளில் அதைப் பிடுங்கிப் பிடுங்கி நான் நாரி நொந்தவன்.

“இதெல்லாம் பூங்காக்காரர் பார்க்க வேண்டியது” என்று சிலர் சொல்வார்கள். வாசலில் அனுமதி பார்க்கிறவர், ஒவ்வொருவரும் எந்த மரத்தில் கட்டுகிறார் என்று விளிம்பு விளிம்பாக நடந்து பார்க்க முடியாது. அந்த மரத்துக்கு ஒரு முழ தூரத்தில் நிற்பவர் கட்டுகிறவர் மட்டும்தான். பிறகு நிர்வாகம் பொறுமை இழந்து பாறையை மூடினால், முதலில் கூக்குரல் போடப்போவதும் நாங்கள்தான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிப் படம் போடும்போது கயிறு எதில் கட்டியிருக்கிறது என்று ஒருக்கால் பாருங்கள். பார்க்கிற பிள்ளைகள் அப்படியே செய்வார்கள்.

கோடை ஒன்றுகூடலோடு பாறை ஏற்றமும் வைக்கிற ஊர்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். என்னிடம் இரண்டு ஸ்டற்றிக் கயிறு இருக்கிறது, கார்ப்பெற் துண்டுகளும் வேண்டிய மட்டும் இருக்கின்றன. என் தொலைபேசி இலக்கத்தை ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். இரவல் தருவேன், காசு வேண்டாம். ஈரத்தோடு பையில் சுருட்டித் திருப்பித் தராமல் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
வேலி நடும் ஒரு வாசகன்,
ஸ்காபரோ