செயலாளர் அறிக்கை: வலையும் பென்சிலும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். மிதவை உயிரிகளை, அதாவது நீரோட்டத்தோடு மிதந்து திரியும் சிறு உயிர்களை, கணக்கெடுக்க மாதம் ஒருமுறை வலை இழுப்பது என்று போன பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். மூன்று மாதம் இழுக்கவில்லை. இழுத்த மாதங்களிலும் சில பாட்டில்களின் மேல் பேனாவால் எழுதிய தேதி ஆல்கஹால் பட்டுக் கரைந்துபோனது. எந்த நாள், எந்த இடம் என்று தெரியாத பாட்டிலில் இருப்பது வெறும் கலங்கல் தண்ணீர்தான். பொறுப்பு என்னுடையது.

வாசிப்புக் கூட்டங்கள் மட்டும் தடையில்லாமல் நடந்தன. வட அட்லாண்டிக்கிலும் வட கடலிலும் 1931 முதல் நடந்துவரும் மிதவை உயிரிக் கணக்கெடுப்பைப் பற்றிய கூட்டம்தான் எனக்கு மனதில் நின்றது. ஆலிஸ்டர் ஹார்டி என்ற ஆங்கிலேயக் கடல் உயிரியலாளர் வடிவமைத்த கருவியைச் சரக்குக் கப்பல்கள் தம் வழக்கமான பாதையில் போகும்போதே பின்னால் கட்டி இழுத்துப் போகின்றன. உள்ளே பட்டுத்துணிச் சுருள் மெல்ல நகர, நீரில் வருவதெல்லாம் அதில் படிகிறது. மிதக்கும் நுண்தாவரங்களால் துணியில் ஏறிய பச்சை எவ்வளவு அடர்த்தி என்பதைக் கண்ணால் பார்த்தே நான்கு தரமாகப் பிரிக்கிறார்கள். பழைய முறைதான், ஆனால் அன்று செய்த மாதிரியே செய்தால்தான் அன்றைய கடலோடு ஒப்பிட முடியும். 2004-இல் வந்த ஓர் ஆய்வு, 1960களின் துணிகளிலேயே பிளாஸ்டிக் இழைகள் இருப்பதைக் காட்டியது. எடுத்துவைத்தவர்கள் அதைத் தேடவே இல்லை!

அப்புறம் கிரில், இறால் போன்ற சிறு கடலுயிர். அண்டார்க்டிக் கடலுக்கு 1982-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, பிடிக்கும் உயிரை மட்டுமல்லாமல் அதைத் தின்னும் உயிர்களையும் கணக்கில் சேர்த்தது. ஒரு மீனினத்தை மட்டும் பார்த்தால் பாதி மிஞ்சினால் போதும் என்பார்கள். கிரிலில் 75 சதவீதம் மிஞ்ச வேண்டும் என்பது அங்குள்ள கணக்கு. "சரி, கூடுதலாக மிஞ்சும் அந்தக் கால் பங்கு பெங்குவினுக்கா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் பெங்குவின் எந்த மாதம் எங்கே இரை தேடுகிறது என்ற விவரம் இல்லையென்றால், மொத்த அளவு சரியாக இருந்தும் படகுகளெல்லாம் அதே இடத்தில் குவிந்துவிடலாம்.

நாடுகளின் எல்லைக்கு அப்பாலுள்ள கடலுக்காக 2023 ஜூனில் ஏற்கப்பட்ட உடன்படிக்கைக்கும் ஒரு கூட்டம் ஒதுக்கினோம். பாதி நேரம் சட்டச் சொற்களிலேயே போயிற்று.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரும் ஆண்டு வலை இழுக்க ஒவ்வொரு மாதத்துக்கும் இருவர் பெயர் வேண்டும்; ஒருவர் வராவிட்டால் மற்றவர். தேதியும் இடமும் பென்சிலால் எழுதிய சீட்டு இனி பாட்டிலுக்குள்ளேயே போகும். பென்சில் வாங்கியாகிவிட்டது, செலவுச்சீட்டு பொருளாளரிடம் இருக்கிறது.