ரோஸ்மேரி வந்து சேர்ந்தது

மஞ்சக்குப்பம், கடலூர்
ஆனி மாதக் கடைசி

அன்புள்ள மாப்ளே,

நீ கொடுத்தனுப்பிய ரோஸ்மேரி மூலிகைக் கட்டு உன் பையன் கையால் பத்திரமாக வந்து சேர்ந்தது. உதகையில் உன் வீட்டு வேலியோரம் மண்டிக் கிடக்கிறது, வெட்டிப் போட ஆள் தேடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். நான் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறிப் போய், நாலு குச்சி வைத்த பாக்கெட்டை விலை கேட்டுவிட்டுத் திரும்ப வைத்துவிட்டு வருகிறவன். பாதியை நிழலில் காயப் போட்டிருக்கிறேன். மீதி ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் இருக்கிறது. திறக்கும்போதெல்லாம் வாசனை ஆளைத் தூக்குகிறது. பாலில் இறங்கிவிட்டது என்று வீட்டில் சின்னதாக ஒரு சண்டையும் நடந்துவிட்டது.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. பெரியார் கல்லூரியில் நம்மோடு படித்த கூட்டத்தில் இப்போது ஊரிலேயே இருப்பது நானும் அந்தத் தேவனாம்பட்டினத்துக்காரனும்தான். காலையில் சில்வர் பீச்சில் நடக்க வருகிறான். கொஞ்ச தூரம் நடந்ததும் எங்காவது உட்கார்ந்து, நம் காலத்தில் என்ன விலை, இப்போது என்ன விலை என்று ஆரம்பித்துவிடுவான். முழங்கால் வலிக்கு அதுதான் மருந்து என்கிறான். எனக்கு உடம்பு பரவாயில்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பேரப்பிள்ளைகள் இங்கே வந்தபோது சாப்பிட்ட அந்தப் பாகு பூசிய பழத் துண்டை எப்படிச் செய்வது என்று மருமகள் கேட்கச் சொன்னாளாமே. செய்முறையை நாலு வரியில் எழுதிவிடலாம். ஆனால் கடலோரத்தில் நான் செய்வதை உன் மலையில் அப்படியே செய்தால் சரிவராது. அதனால்தான் கடிதம் நீளப் போகிறது, பொறுத்துக்கொள்.

கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக, 200 கிராம் வெள்ளைச் சர்க்கரை. அது நனையும் அளவுக்குத் தண்ணீர், 60 மில்லி போதும். அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்து, சர்க்கரை கரையும் வரை மட்டும் கிளறு. கொதி வந்த பிறகு கரண்டியை உள்ளே விடாதே. பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஒரு துளிச் சர்க்கரை உள்ளே விழுந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மொத்தப் பாகும் மறுபடி சர்க்கரையாகிவிடும். ஓரத்தை ஈர பிரஷ்ஷால் வழித்து விடு. எலுமிச்சையும் இதற்காகத்தான். அதன் புளிப்பு சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிடும். வேறு வேறு சர்க்கரைகள் கலந்து கிடக்கும்போது படிகம் கட்டுவது கஷ்டம். அதற்காகத் தாராளமாகப் பிழிந்துவிடாதே. ஃபிரக்டோஸ் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கிற ஆசாமி. கூடிப்போனால் பூச்சு சீக்கிரமே பிசுபிசுத்துவிடும்.

இரும்பு வாணலி வேண்டாம். கருப்பு அடியில் பாகின் நிறம் தெரியாது, தெரியும்போது கருகியிருக்கும். வெல்லமும் இந்த வேலைக்கு ஆகாது. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையின் புகையைப் பார்த்து வளர்ந்தவன் கட்சி கட்டிப் பேசுகிறான் என்று நினைக்காதே. வெல்லம் பிறவியிலேயே பழுப்பு, அது எப்போது சிவக்கிறது, எப்போது தீய்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சீக்கிரம் தீயவும் செய்யும். அதைக் கடலை உருண்டைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இப்போது பதம். நம் வீட்டுப் பெண்கள் ஒரு கிண்ணம் தண்ணீரில் பாகைச் சொட்டிப் பார்ப்பார்களே, அதிரசத்துக்கு உருளும், கடலை மிட்டாய்க்குக் கல்லாகி 'டங்' என்று தட்டில் விழும். அந்த 'டங்' வருகிற இடம்தான் நமக்கு ஆரம்பம், இங்கே சுமார் 150 டிகிரி. அதற்கு மேலும் விட்டால் 160ஐத் தாண்டும்போது ஓரத்தில் பொன்னிறம் தட்டும், அப்புறம் தேன் நிறம். அங்கேயே அடுப்பை அணைத்துவிடு. பாத்திரத்தின் சூட்டிலேயே அது இன்னும் ஒரு படி சிவக்கும். ஆகவே கண்ணுக்குப் பிடித்த நிறத்துக்குக் கொஞ்சம் முந்தியே நிறுத்த வேண்டும்.

நீ தெர்மாமீட்டர் வாங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். அதைக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு தடவை வைத்துப் பார். இங்கே 100 காட்டும். உன் ஊர் 2,240 மீட்டர் உயரம், அங்கே 92, 93லேயே தண்ணீர் கொதித்துவிடும். அந்த ஏழெட்டு டிகிரி வித்தியாசம் பாகுப் பதம் எல்லாவற்றிலும் இறங்கும். எனக்கு 150இல் வருகிற 'டங்' உனக்கு 143 பக்கத்திலேயே வந்துவிடும். பதம் என்பது பாகில் இன்னும் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்கிற கணக்குதானே. ஆனால் நிறம் மாறுவது வேறு கதை. அது சர்க்கரையே சூட்டில் உடைவதால் வருவது, மலையில் இருந்தாலும் கடலோரத்தில் இருந்தாலும் அந்தச் சூடு வந்தே ஆக வேண்டும். அதனால் மருமகளிடம் சொல்: கெட்டிப் பதத்துக்கும் பொன்னிறத்துக்கும் நடுவில் அங்கே இடைவெளி அதிகம். 'டங்' கேட்டாச்சே, இன்னும் வெள்ளையாகவே இருக்கிறதே என்று பயந்து அடுப்பைக் கூட்டிவிட வேண்டாம்.

பழத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இந்தப் பூச்சுக்கு எதிரி ஈரம். உள்ளிருந்து பழச்சாறு, வெளியிலிருந்து காற்று, இரண்டும் சேர்ந்து அரித்துவிடும். ஆப்பிள், செங்காயான கொய்யா, பழுத்தும் இறுக்கமாக இருக்கிற நேந்திரம், இவை நிற்கும். பூவன் குழைந்துவிடும். தர்பூசணியை நினைத்தே பார்க்காதே. அன்னாசி என்றால் முதலில் வெறும் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் வாட்டி எடுத்து ஆறவிட வேண்டும். எந்தப் பழமானாலும் அரை விரல் கனத்தில் நறுக்கி, சுத்தமான துணியில் ஒற்றி, ஃபேனுக்கு அடியில் பரப்பி வை. தொட்டால் விரலில் ஈரம் ஒட்டக் கூடாது.

ஆனால் எல்லாவற்றையும் விட உசத்தி எங்கள் பண்ருட்டிப் பலாதான், வருக்கைச் சுளை. கொட்டையை எடுத்துவிட்டு நீளவாக்கில் கிழித்தால், சதைப்பற்று கெட்டியாக, மேலே சாறே இல்லாமல் இருக்கும். பாகுக்காகவே பிறந்த பழம். மாமனார் நிலத்தில் இருந்த மரமெல்லாம் 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயலில் போனது உனக்கு நினைவிருக்கும். பலா, முந்திரி என்று பார்க்காமல் வேரோடு சாய்த்துவிட்டுப் போனதே, அந்தப் பக்கத்துச் சனங்கள் ஒரு ராத்திரியில் இரண்டு தலைமுறை உழைப்பை இழந்தார்கள். மச்சான் அப்புறம் வைத்த ஒட்டுக்கன்றுகள்தான் இப்போது காய்க்கின்றன. இந்த வருஷம் கடைசிப் பழம் போன வாரம் வந்தது. இனி பங்குனி வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மூங்கில் குச்சியில் குத்திய துண்டைப் பாகில் ஒரு சாய்ப்புச் சாய்த்து, மிச்சத்தைப் பாத்திரத்திலேயே வழியவிட்டு, எண்ணெய் தடவிய தட்டில் வை. கண்ணாடி போல இறுகும். அந்தச் சில நொடிக்குள் பொடியாக உடைத்த முந்திரியும், இரண்டே இரண்டு கல் உப்பும் தூவ வேண்டும். நான் மரக்காணம் உப்பைத்தான் நுணுக்கிப் போடுகிறேன். உப்பில்லாவிட்டால் வெறும் இனிப்பு, நாலாவது துண்டில் திகட்டிவிடும். பிள்ளைகளை மட்டும் பக்கத்தில் விடாதே. கொதிக்கிற தண்ணீர் தெறித்தால் வழிந்துவிடும், இது ஒட்டிக்கொண்டு சுடும். கை முங்குகிற அளவுக்கு ஒரு பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் அருகில் இருக்கட்டும்.

மூலிகையைப் பாகில் போடுவது என்று எங்காவது படித்தால் நம்பாதே. பச்சை இலையில் இருக்கிற ஈரம் 160 டிகிரிப் பாகில் பட்டால் சீறித் தெறிக்கும், இலையும் கருகிக் கசக்கும், வாசனை எண்ணெய் ஆவியாகிக் கூரைக்குப் போய்விடும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, காய்ந்த இலையை நுணுக்கி, பூச்சு இறுகும் முன் மேலே தூவுவது. இன்னொன்று, வாணலியில் கொஞ்சம் வெண்ணெயை உருக்கி, இலையைச் சின்னத் தீயில் வாட்டி எடுத்துவிட்டு, அந்த வெண்ணெயில் பழத் துண்டுகளைப் புரட்டி, மேலே இரண்டு ஸ்பூன் சர்க்கரை தூவி அங்கேயே சிவக்க விடுவது. நேந்திரத்துக்கும் அன்னாசிக்கும் இந்த இரண்டாவது வழிதான் பொருத்தம். மொறுமொறுப்பு வராது, ஆனால் மணம் தூக்கலாக இருக்கும். சர்க்கரையும் குறைவு. உனக்கு டாக்டர் ஏற்கெனவே கணக்குச் சொல்லியிருக்கிறார் என்பதால் இதையே வைத்துக்கொள், அதிலும் ஒரு துண்டோடு நிறுத்து.

உன் ரோஸ்மேரி ஆப்பிளுக்கு அருமை. கை மட்டும் கூடக் கூடாது. அதில் இருக்கிற சினியோல் என்கிற வாசனைப் பொருள்தான் உங்கள் ஊர் நீலகிரித் தைலத்திலும் இருப்பது. கொஞ்சம் அதிகமானால் பலகாரம் சாப்பிடுகிற மாதிரியே இருக்காது, ஜலதோஷத்துக்கு மார்பில் தடவுகிற மாதிரி இருக்கும். ஒரு தட்டுத் துண்டுக்கு ஐந்தாறு ஊசி இலை போதும். தைம் என்கிற மூலிகை கிடைக்காத நாளில் எங்கள் வாசல் தொட்டியில் இருக்கிற ஓமவல்லியைப் பயன்படுத்துகிறேன். இரண்டிலும் தைமால், கார்வக்ரால் என்கிற வாசனைப் பொருட்கள் உண்டு, அதனால் வாசனை அக்கா தங்கைதான். ஓமவல்லி இலை தண்ணீர் கட்டியது, அதை வெண்ணெய் வழியில்தான் சேர்க்க முடியும். துளசி எனக்குச் சரிப்படவில்லை. அதன் கிராம்பு வாசனை பாகோடு சேர்ந்தால் இருமல் மருந்து ஞாபகம் வருகிறது. வீட்டில் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், கோயில் துளசியைக் குறை சொல்கிறேன் என்பார்கள். பலாவுக்குத் திருநீற்றுப்பச்சிலை. சப்ஜா விதை எடுப்பார்களே, அந்தச் செடிதான். பலாவின் வாசனையே ஊரைக் கூட்டும். அதை அமுக்காமல் பக்கத்தில் நிற்கிற இலை இது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

நேரமும் முக்கியம். இந்த ஆனி ஆடியில் எங்களுக்குக் காலையில் மேல்காற்று அடிக்கும், உள்நாட்டிலிருந்து வருகிற வறண்ட காற்று. அப்போது செய்தால் பூச்சு சாப்பாட்டு நேரம் வரை 'மொறுக்' என்று இருக்கும். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று திரும்பிவிட்டால் அவ்வளவுதான், தட்டில் வைத்த துண்டு கண்ணெதிரே வியர்க்க ஆரம்பிக்கும். அதனால் எங்கள் வீட்டில் பதினொரு மணிக்குள் அடுப்பு வேலை முடிந்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நான் இந்தப் பக்கமே போவதில்லை. ஏசி அறையில் வைத்தால் கொஞ்சம் தாங்கும், அது ஈரத்தைச் சேர்த்து உறிஞ்சிவிடுகிறது. உங்கள் ஊரில் வெயில் அடிக்கிற தை, மாசியில் செய்யச் சொல். பனி மூட்டமும் மழையும் இருக்கிற நாளில் வேண்டாம். டப்பாவில் போட்டு வைக்கலாமா என்று மருமகள் கேட்டாளாம். பாகு மட்டும் என்றால் வைக்கலாம். பழம் உள்ளே இருக்கும்போது மூடினால் அதன் ஈரமே அதைத் தின்றுவிடும். செய்தவுடன் சாப்பிடுகிற பண்டம் இது, எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை துண்டுதான் போட வேண்டும். பாத்திரத்தில் ஒட்டியதைச் சுரண்டிக் கை வலிக்க வேண்டாம், தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்தால் கரைந்துவிடும்.

அப்புறம் ஒரு உதவி. ரோஸ்மேரிக் குச்சி இரண்டைத் தொட்டியில் நட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். இங்கே நர்சரியில் வாங்கி வைத்த செடி மழைக்கு வேர் அழுகிப் போய்விட்டது. மணல் எத்தனை பங்கு, மண் எத்தனை பங்கு, மழையில் எங்கே நகர்த்தி வைப்பது என்று நீதான் எழுத வேண்டும், செடி கொடி உன் இலாகா. பங்குனியில் பலா வரும்போது குடும்பத்தோடு இங்கே வா. ரயில் டிக்கெட்டை மட்டும் முன்னாடியே எடுத்துவிடு, கடைசி நாளில் திருப்பாப்புலியூர் ஸ்டேஷனில் நின்றுகொண்டு எனக்குப் போன் போடாதே.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் கடலூர்க்கார மாப்ளே