களத்துக்குப் போகும் முன் கற்றுத்தாருங்கள்

உயர்பட்ட ஆய்வுகளுக்குப் பொறுப்பான பீடாதிபதி அவர்களுக்கும் குழுவினருக்கும்,

வணக்கம். கடந்த வியாழக்கிழமை பிற்பகல் உங்கள் அலுவலகத்திலிருந்து அறிவித்தல் ஒன்று வந்தது. ஆய்வு நெறிமுறை, மாதிரி எடுத்தல், தரவுப் பாதுகாப்பு பற்றிய இரண்டு நாள் செயலமர்வு. சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கொழும்பில் தொடக்கம். மட்டக்களப்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். பயணமும் தங்குமிடமும் அவரவர் பொறுப்பு என்று கடைசி வரியில் இருந்தது. கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவு செய்து மூன்றாம் ஆண்டில் நிற்கும் எனக்கு, ஆய்வு செய்யும் முறை பற்றி வந்த முதல் பயிற்சி அழைப்பு இதுதான். நான் போகவில்லை. போயிருந்தாலும் எனக்கு அது காலம் கடந்த பாடம்.

1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்ணால் கண்டவர்களின் நினைவுகளே என் ஆய்வு. அன்று இருபது வயதில் இருந்தவர்கள் இன்று அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். நாளை கேட்கலாம் என்று தள்ளிவைக்கக்கூடிய வேலையல்ல. முன்மொழிவு ஏற்கப்பட்ட அடுத்த வாரமே கைத்தொலைபேசியும் ஒரு கொப்பியுமாகக் கிளம்பிவிட்டேன். குருமண்வெளித் துறையில் ‘பாதை’ என்னும் மிதவைப் படகிலேறி மண்டூருக்கும், அங்கிருந்து வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை ஊர்களுக்கும் எட்டு மாதம் அலைந்து 38 பேரின் குரலைப் பதிந்தேன். கூரை பறந்த பிறகு, நெற்பெட்டகத்துக்கும் சுவருக்கும் இடையில் பிள்ளைகளை இருத்தி, சேலையால் மூடி, விடியும்வரை அவர்கள் மேல் குப்புறக் கிடந்ததை ஓர் அம்மம்மா சொன்னார். சொல்லும்போது அவருடைய கை அந்தப் பெட்டகத்தின் விளிம்பிலேயே இருந்தது.

நேர்காணலுக்கு முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற வேண்டும், சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்க வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஓர் ஆய்விதழ் அனுமதி எண்ணைக் கேட்டபோதுதான் அப்படி ஒன்று உண்டென்று அறிந்தேன். எடுத்து முடித்த தரவுக்குப் பின்னர் அனுமதி தர முடியாது என்று குழு சொன்னது. சரியான முடிவு. அந்த முதியவர்களைக் காப்பதற்குத்தான் அந்த விதி இருக்கிறது. அதில் எனக்கு மனக்குறை இல்லை. முறைப்படி அனுமதி பெற்று மீண்டும் வீடு வீடாகப் போனேன். அதற்குள் நான்கு பேர் காலமாகியிருந்தார்கள். அந்த நால்வரின் பதிவுகளையும் பயன்படுத்தக் கூடாது என்றாகிவிட்டது.

பெட்டகத்தைத் தொட்டுக்கொண்டிருந்த அம்மம்மாவும் அவர்களில் ஒருவர். அவருடைய மகள் தேநீரைக் கையில் தந்துவிட்டு, “அம்மாவின் குரல் உங்களிடம் இருக்கிறதுதானே தங்கச்சி, புத்தகத்தில் வருமா?” என்று கேட்டார். பதிவின் பிரதியை அவரிடம் கொடுத்துவிட்டேன். கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆரம்பத்தில் ஒரே ஒரு நாள், ஒரு வகுப்பறையில் யாராவது எனக்கு இதைச் சொல்லியிருந்தால் போதும். நான் கேட்பது அதைத்தான்: பதிவு செய்த முதல் ஆறு மாதத்துக்குள், களத்தில் கால் வைக்கும் முன், மட்டக்களப்பிலேயே பயிற்சி தாருங்கள்.

இது புதிய கோரிக்கையுமல்ல. கலாநிதி மாணவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு வாரப் பயிற்சி வேண்டும் என்று பிரித்தானியாவில் அரசு கேட்டு எழுதப்பட்ட ரொபேர்ட்ஸ் அறிக்கை 2002 இலேயே பரிந்துரைத்தது. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2019 இல் ஆய்வு, வெளியீட்டு நெறிமுறைப் பாடத்தைக் கலாநிதி மாணவருக்குக் கட்டாயமாக்கியது. கல்வித் தகைமைகளை நிலை நிலையாக வகுக்கும் நம் நாட்டுத் தகைமைச் சட்டகத்தில் கலாநிதிப் பட்டம் பன்னிரண்டாம் நிலை. அதற்கு மேல் வேறு நிலையில்லை. அந்த உயரத்துக்கு ஏறச் சொல்லும் நீங்கள் முதற்படியில் எங்களைத் தனியே விட்டுவிடுகிறீர்கள். எங்களுக்கு நடந்த ஒரே உள்ளூர் வகுப்பு, ஆய்வேட்டின் ஓர இடைவெளியும் எழுத்துருவும் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றியது. வினாக்கொத்தை எப்படி முன்சோதனை செய்வது, பணம் பறிக்கும் போலி ஆய்விதழை எப்படி இனங்காண்பது, மேற்பார்வையாளரோடு கருத்து வேறுபட்டால் யாரிடம் போவது, இவற்றை யாரிடம் கேட்பது? மேற்பார்வையாளர்கள் நல்லவர்கள், ஆனால் இளமாணி வகுப்புகளுக்கும் விடைத்தாள்களுக்கும் நடுவில் எங்களுக்குக் கிடைப்பது மாதத்தில் அரைமணி நேரம். கொழும்பில் இருப்பவர் மாலை வகுப்புக்கு நடந்தே போகிறார். சிறு பிள்ளையை வைத்திருக்கும் என் தோழி இரவுப் பஸ்ஸில் ஏற வேண்டியிருக்கிறது, அல்லது விட்டுவிட வேண்டியிருக்கிறது. அவர் விட்டுவிட்டார்.

என் சொற்கள் எங்காவது கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேண்டுகோள் ஒன்றுதான். முதல் ஆறு மாதத்துக்குள், களத்துக்குப் போகும் முன், இந்த ஊரிலேயே, நெறிமுறையும் நேர்காணலும் தமிழில் விளங்கும்படி ஒரு பயிற்சி. அது முடியும்வரை எவருக்கும் களப்பணி அனுமதி கொடுக்காதீர்கள்.

அடுத்த அணியினர் விரைவில் பதிவு செய்யப் போகிறார்கள். அதற்கு முன் பயிற்சிக்கான திகதியை அறிவிக்குமாறு பணிவுடன் கேட்கிறேன். அந்த வகுப்பில் முதல் அரைமணி நேரத்தை எனக்குத் தந்தால், இந்த 38 வீடுகளிலும் நான் செய்த பிழையை நானே வந்து சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு மாணவி,
மட்டக்களப்பு.